‘முடியாது’ என்று சொல்ல முடிகிற நாடு

கோபிசெட்டிபாளையத்திலிருந்து, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரு நாட்டின் பொருளாதார முறை அதன் நீண்டகால வியூகத்தையும் பலத்தையும் எப்படித் தீர்மானிக்கிறது? ராணுவம் பெரிதாக இருந்தால் போதாதா? சீனா மாதிரி எல்லாம் அரசின் பிடியில் இருப்பது பலமா, அமெரிக்கா மாதிரி சந்தையிடம் விடுவது பலமா?

முதலாளித்துவம், சோஷலிசம், கலப்புப் பொருளாதாரம் என்று மூன்று தலைப்புப் போட்டு இதற்குப் பதில் எழுதலாம். மதிப்பெண்ணும் வரும். ஆனால் விஷயம் பிடிபடாது. என்னைக் கேட்டால் ஒரு நாட்டின் பலத்தை அளக்க ஒரே கேள்வி போதும். தன்னைவிடப் பெரிய நாடு வந்து ‘இப்படிச் செய்’ என்று நெருக்கும்போது, ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு, அதற்குப் பின் வருகிற நஷ்டத்தை அந்த நாடு எவ்வளவு நாள் தாங்கும்? படை முதல் சில வாரங்களுக்குத்தான் கைகொடுக்கும். அதற்கப்புறம் தாங்குவது சோறும் எண்ணெயும் கடனும் இயந்திரமும்தான். எதை மறுக்கலாம், எதற்குப் பணிந்து போகலாம், எதற்காகச் சண்டைக்குப் போகலாம் என்று ஒரு நாடு பல பத்தாண்டுகளுக்குச் சேர்த்து வகுத்துக்கொள்வதைத்தான் பெருவியூகம் என்கிறோம். அந்தப் பட்டியலில் எவையெல்லாம் இடம்பெற முடியும் என்பதை அதன் பொருளாதாரம் அமைந்திருக்கும் விதமே முடிவு செய்துவிடுகிறது.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். திப்பு சுல்தானிலிருந்து தொடங்கலாம். 1799 வரை கோயம்புத்தூர், ஈரோடு, தாராபுரம் எல்லாம் மைசூர் ஆட்சியில் இருந்த ஊர்கள். திப்புவின் படையைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். ஏவுகணைகள், பிரெஞ்சு அதிகாரிகள், ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை. அவருடைய பொருளாதார முறையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர் காலத்து இந்திய அரசர்களில் இந்த விஷயத்தை அவ்வளவு கூர்மையாக யோசித்தவர் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம். பாளையக்காரர்களை ஒதுக்கிவிட்டு, நிலவரியை அமில்தார்கள் என்ற அரசு அதிகாரிகள் மூலம் நேரடியாக வசூலித்தார். மிளகு, சந்தனம், ஏலக்காய் வணிகத்தை அரசே எடுத்து நடத்தியது. மஸ்கட்டில் மைசூர் அரசுக்கு வணிக நிலையமே இருந்தது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிளகு கிடைக்காமல் செய்யத் தடை போட்டார். பட்டுப்பூச்சி வளர்ப்பைக் கொண்டுவந்தார். கைவினைஞர்களைக் கேட்டு பிரான்ஸுக்குத் தூது அனுப்பினார். இன்றைக்கு ஒரு நாடு இதையெல்லாம் செய்தால் ‘அரசு வழிநடத்தும் தொழில்மயம்’ என்று பெரிய பெயர் கொடுப்போம்.

எதிரில் நின்ற கிழக்கிந்தியக் கம்பெனி வேறு மாதிரியான பிராணி. அதற்கு 1765 முதல் வங்காளத்தின் நிலவரி கையில் இருந்தது. அந்த வரியைக் காட்டி அது கடன் வாங்கியது. கல்கத்தாவிலும் சென்னையிலும் காசியிலும் இருந்த சாகுகார்கள், அதாவது வட்டிக்குப் பணம் தரும் இந்திய வணிகர்களே, கம்பெனிக்குப் பணம் கொடுத்தார்கள். அதன் உண்டியல்களை, அதாவது பணம் தருவதாக எழுதிய சீட்டுகளை, மாற்றிக் கொடுத்தார்கள். வட்டி ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

1791 மே மாதம் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிவிட்டார். ஆனால் திப்புவின் குதிரைப்படை சுற்றுவட்டாரத்தில் தீவனம் கிடைக்காமல் அழித்திருந்தது. வண்டி மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. இழுக்க மாடில்லாததால் பெரிய பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டு அவர் பின்வாங்கினார். போர்க்களத்தில் அது திப்புவுக்குச் சாதகமான நேரம். ஆனால் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் காரன்வாலிஸ் புதிய பீரங்கிகளோடும் பஞ்சாரா வணிகர்களின் ஆயிரக்கணக்கான தானிய மாடுகளோடும் திரும்பி வந்தார். மராட்டியரும் நிஜாமும் கூட இருந்தது முக்கியம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் அப்படி ஒரு பின்வாங்கலுக்குப் பிறகு ஒன்பதே மாதத்தில் எழுந்து வர அந்தப் பக்கத்தால் முடிந்தது. திப்புவின் பக்கம் அப்படிக் கைகொடுக்க ஆள் இல்லை. வணிகம் முழுக்க அரசிடம் இருந்ததால், நெருக்கடியில் அரசுக்குக் கடன் கொடுக்கக்கூடிய தனி வணிகர் கூட்டம் மைசூரில் வளரவில்லை என்பது என் கணிப்பு. 1792 உடன்படிக்கையில் பாதி ராஜ்ஜியமும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் கொடுக்கவேண்டி வந்தது. பணம் கட்டி முடிக்கும்வரை இரண்டு மகன்களைப் பிணையாகக் கொடுத்தார். அந்தத் தொகையை மறுக்கும் நிலையில் அவர் இல்லை.

பாராமகாலும் சேலமும் அந்த ஆண்டே கம்பெனிக்குப் போயின. அங்கேதான் கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறையைப் பரிசோதித்தார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல், பட்டா உழவன் பெயரில், வரி ரொக்கமாக நேரே அரசுக்கு. அடுத்த போருக்கும் அதற்கடுத்த போருக்கும் கம்பெனி கடன் வாங்கியது இப்படிப்பட்ட வரியைக் காட்டித்தான். தீரன் சின்னமலையை 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிட்ட அரசு, அதே வட்டாரத்தில் வசூலித்த பணத்தில்தான் தன் காலை ஊன்றியது. எனக்கு இன்றும் மனம் வலிக்கிற இடம் அது.

இந்தக் கடன் வித்தை கம்பெனி கண்டுபிடித்ததில்லை. இங்கிலாந்தில் 1694-ல் இங்கிலாந்து வங்கி தொடங்கியபோதே ஆரம்பித்தது. அரசன் வாங்கிய கடனுக்கு நாடாளுமன்றம் வரி ஒதுக்கி உத்தரவாதம் கொடுத்ததால், கொடுத்த பணம் திரும்பி வரும் என்று மக்கள் நம்பினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் வட்டி 3 சதவீதம் வரைக்கும் இறங்கியது. ஆள்பலத்திலும் நிலப்பரப்பிலும் பெரியதாக இருந்த பிரான்ஸ் அதைவிட அதிக வட்டிக்கு வாங்கி, 1788 வாக்கில் வருமானத்தில் பாதியை வட்டிக்கே கட்டிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு புரட்சி. ஸ்பெயினுக்கு 1545 முதல் பொடோசி மலையிலிருந்து வெள்ளி கொட்டியது. ஆனாலும் 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பத் திவால் ஆனது. வெள்ளி வந்த வேகத்தில் வெளிநாட்டு வட்டிக்காரரிடம் போய்விட்டது. உள்ளூரில் பட்டறை வளரவில்லை.

அப்படியென்றால் கடன் கொடுப்பவன் கை எப்போதும் ஓங்கியிருக்குமா? இல்லை. அதற்கும் நம்மூர்க்காரர் ஒருவர் சாட்சி.

கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1944-ல் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் நடந்த மாநாட்டுக்கு இந்தியக் குழுவில் போனார். உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் உருவான மாநாடு அது. இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டன் இந்தியாவிலிருந்து துணி, தானியம், தளவாடம், ஆள் எல்லாம் எடுத்துக்கொண்டு, அதற்கான பணத்தை லண்டனில் கணக்கில் மட்டும் எழுதி வைத்திருந்தது. போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தரவேண்டியது 100 கோடி பவுண்டுக்கு மேல். காகிதத்தில் பார்த்தால் ஆண்ட நாடு கடனாளி, அடிமை நாடு கடன் கொடுத்தவன். அந்தப் பாக்கியில் ஒரு பகுதியையாவது எந்த நாட்டிலும் செலவழிக்கக்கூடிய பணமாக மாற்றித் தரவேண்டும் என்று இந்தியக் குழு மாநாட்டில் கேட்டது. பிரிட்டன் தரப்பில் வந்திருந்த பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ், அதை எங்கள் இரண்டு நாடுகளும் தனியே பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்று தள்ளிவிட்டார். பணம் பவுண்டில் இருந்தது, பெட்டி லண்டனில் இருந்தது, சாவியும் அங்கேயே இருந்தது. அந்தப் போரின் நடுவே வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்ததும் நினைவில் இருக்கட்டும். அந்தக் கடனின் அசல் அதுவும்தான்.

பிற்பாடு அதே செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராக 1947 நவம்பர் 26-ல் பட்ஜெட் வாசித்தார். மொத்தச் செலவு 197.39 கோடி ரூபாய். அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி. ஏறக்குறைய பாதி. பிரிவினையும் அகதிகளும் காஷ்மீரும் ஒரே நேரத்தில் வந்து நின்ற ஒரு ஏழை நாடு அது. ‘அணிசேராமை’ என்று நாம் ஒரு கொள்கையாகப் படிக்கிறோமே, அதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது. இரண்டு முகாமில் ஏதாவது ஒன்றில் சேர்ந்தால் கேட்கும் இடத்துக்கெல்லாம் படை அனுப்பவேண்டும். சேராமல் இருந்தால் இரண்டு பக்கமும் உதவி கேட்கலாம். பிலாய் உருக்காலைக்கு சோவியத் யூனியன் உதவியது, கான்பூர் ஐ.ஐ.டி.க்கு அமெரிக்கா உதவியது. கையில் காசில்லாத நாட்டுக்கு அது நல்ல வியூகம்தான்.

ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கனரக ஆலைக்குக் கொடுத்த கவனத்தை நாடு வயலுக்குக் கொடுக்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1964-ல் உணவு அமைச்சராக வந்தபோது, இந்தியா அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் வரும் கோதுமைக் கப்பல்களை நம்பி இருந்தது. 1965-லும் 1966-லும் தொடர்ந்து மழை பொய்த்தது. 1966-ல் வெளியிலிருந்து வந்த தானியம் ஏறக்குறைய 1 கோடி டன். வியட்நாம் போரை இந்தியா கண்டித்ததில் எரிச்சலாக இருந்த அமெரிக்க அதிபர் ஜான்சன், கோதுமையை ஆண்டு ஒப்பந்தமாகத் தராமல் மாதாமாதம் தன் கையெழுத்தில் விடுவித்தார். அடுத்த கப்பல் கிளம்புமா என்று டெல்லி காத்திருக்கும். நேருவின் பெயரால் உலகமெங்கும் பேசிய நாடு, ரேஷன் கடைக்காக வாயை அடக்கவேண்டிய நிலை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பும் ஒரு டாலருக்கு 4.76-லிருந்து 7.50-க்குக் குறைக்கப்பட்டது; அதிலும் வெளி நெருக்கடி இருந்தது.

சி.எஸ். என்று எல்லோரும் அழைத்த சுப்பிரமணியம் செய்தது என்ன என்பதை நிதானமாகப் பார்க்கவேண்டும். அரசா சந்தையா என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு அதில் பாதிப் பதில் இருக்கிறது. அவர் நிலத்தை அரசுடைமை ஆக்கவில்லை. சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று விடவும் இல்லை. 1965-ல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் அமைந்தன. விளைந்தால் இந்த விலைக்கு அரசு வாங்கும் என்ற உறுதி உழவனுக்குக் கிடைத்தது. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை வந்தது. விதையை ஏற்பதா, உரம் போடுவதா, கிணறு வெட்டுவதா என்ற முடிவு விவசாயி கையில். அபாயத்தை அரசு தாங்கியது, முயற்சியைத் தனியார் செய்தார்கள். 1964-65-ல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1970-71-ல் 2.3 கோடி டன்னைத் தாண்டியது. 1971-ல் வங்கதேசப் போரின்போது அமெரிக்க அதிபர் நிக்சன் தன் ஏழாவது கப்பற்படையின் ஒரு பிரிவை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பிப் பார்த்தார். இந்திரா காந்தி அசையவில்லை. 1965-ல் கோதுமையைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்ட முடிந்த நாட்டுக்கு, 1971-ல் அந்த ஆயுதம் இல்லாமல் போயிருந்தது. ராணுவ வெற்றி என்று எழுதும்போது கூடவே இதையும் எழுதுங்கள். சி.எஸ். 1967 தேர்தலில் தோற்றார். நாட்டுக்கே முதுகெலும்பு கொடுத்த ஒரு முடிவுக்கு வாக்குப்பெட்டியில் நன்றி கிடைக்கவில்லை.

அந்தக் கோதுமை விளைந்த பஞ்சாபின் நிலத்தடி நீர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எந்த வியூகத்துக்கும் ஒரு மண் விலை கொடுக்கிறது. திருப்பூருக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்துச் சாயக்கழிவைச் சுமந்த நொய்யல் ஆறு என்ன ஆயிற்று, ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும்; 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபிறகுதான் வழி பிறந்தது.

சோவியத் யூனியனைத் தொடாமல் இந்தப் பதில் முடியாது. திட்டமிட்ட பொருளாதாரத்தால் என்ன முடியும் என்பதற்கு 1941-ஐவிடப் பெரிய சான்று இல்லை. ஜெர்மன் படை நெருங்கும்போது 1,500-க்கும் மேற்பட்ட ஆலைகளைக் கழற்றி ரயிலில் ஏற்றி யூரல் மலை, சைபீரியா போன்ற கிழக்குப் பகுதிகளுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஜெர்மனியைவிட மிகக் குறைந்த எஃகை வைத்துக்கொண்டு, அதைவிட அதிக டாங்கிகளைச் செய்தார்கள். ஒரே இலக்கு, ஒரே எதிரி, நாலு வருஷம் என்றால் ஆணையிடும் பொருளாதாரம் பிரமிக்க வைக்கும். அமெரிக்கா வேறு வழியில் போனது. கார் செய்தவர்களிடம் ஆர்டரும் லாபமும் கொடுத்து விமானம் செய்யச் சொன்னது. 1944-ல் மட்டும் சுமார் 96,000 விமானங்கள் வெளிவந்தன. சோவியத் படை பெர்லின் வரை போக அமெரிக்கா அனுப்பிய லாரிகளும் பெரிதும் உதவின. போருக்குப் பிறகு நாற்பது வருஷம் அமைதி என்றபோது வித்தியாசம் தெரிந்தது. 1972-ல் சோவியத் யூனியன் தன் எதிரியிடமே தானியம் வாங்கும் நிலைக்கு வந்தது. அதற்கான டாலர் எண்ணெய் விற்று வரவேண்டும். 1986-ல் எண்ணெய் விலை சரிந்தது. ஆயிரக்கணக்கான அணுகுண்டுகள் இருந்தும் ரொட்டிக்கு வெளியே கையேந்தும் நாட்டால் கிழக்கு ஐரோப்பாவைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தியாவுக்கு அதே பாடம் 1991-ல் வந்தது. அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் இருந்தது; 47 டன் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைத்தோம். அப்புறம் கதவைத் திறந்தோம். ஏழு வருஷம் கழித்து 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்து, அமெரிக்கத் தடையையும் வாங்கிக்கொண்டு, வெளிநாடு வாழ் இந்தியர்களிடம் பத்திரம் விற்று 420 கோடி டாலர் திரட்ட முடிந்தது. 1991-ல் அந்தக் குண்டை வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, சீனாவுக்கு வருவோம். சீனாவின் பலம் அரசுடைமையில் மட்டும் இருக்கிறது என்று நினைத்தால் தவறு. 1978-க்கு முன்பு எல்லாமே அரசுடைமைதான். அப்போது சீனா ஏழை. இப்போது உலகத் தொழிற்சாலை உற்பத்தியில் ஏறக்குறைய 30 சதவீதம் அங்கே நடப்பதற்குக் காரணம், கடலோர மாகாணங்களில் நம் திருப்பூர், கோவை போன்ற ஊர்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வளர்ந்ததும், அவற்றுக்கு மின்சாரமும் துறைமுகமும் மலிவான கடனும் அரசு கொடுத்ததும்தான். அதோடு, லாபம் வராவிட்டாலும் சில துறைகளைக் கைவிடுவதில்லை என்று அரசு பிடிவாதமாக இருந்தது. வலுவான காந்தம் செய்யத் தேவைப்படும் அருமண் தனிமங்கள் அப்படி ஒன்று. தோண்டுவது பல நாடுகளில் நடக்கிறது. சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் சீனாவில். 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்கள் மீதான வரியை 145 சதவீதம் வரை ஏற்றியது. சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. கார் ஆலைகள் பதறின. இந்தியாவின் மின்வாகன உற்பத்தியாளர்களும் திணறினார்கள். மே மாதமே 145 என்பது 30 ஆக இறங்கியது. ‘முடியாது’ என்று சொல்ல முடிந்த நாடு எப்படி இருக்கும் என்பதற்கு அண்மை உதாரணம் இது.

அமெரிக்காவின் பலம் டாலரில். 1956-ல் சூயஸ் கால்வாயைப் பிடிக்க பிரிட்டன் படை அனுப்பியபோது, பவுண்டைக் காப்பாற்ற உதவமாட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லியே அமெரிக்கா அதைப் பின்வாங்க வைத்தது. 2022-ல் ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் இருப்பை மேற்குநாடுகள் முடக்கின. சண்முகம் செட்டியார் பார்த்த அதே காட்சிதான்: பணம் உன்னுடையது, பெட்டி எங்களுடையது. ஆனால் டாலர் வலுவாக இருப்பதாலேயே அமெரிக்காவில் பொருள் செய்வதைவிட வாங்குவது மலிவாகிப் போனது. கப்பல் கட்டுவதில் இன்று உலகின் பாதிக்கு மேல் சீனா. அமெரிக்கா எண்ணிக்கையிலேயே வராது. 2024 நிதியாண்டில் அமெரிக்கா கட்டிய வட்டி அதன் ராணுவச் செலவைத் தாண்டிவிட்டது. சீனாவுக்கும் நோய் உண்டு. மக்களின் நுகர்வு நாட்டு வருமானத்தில் சுமார் 40 சதவீதம்தான். செய்வதை வெளியே விற்றே ஆகவேண்டும். அதனால் கடல்வழிகளும் பிறநாட்டுச் சந்தைகளும் அதன் உயிர்நாடி ஆகிவிட்டன. அதன் கடற்படை வளர்வதற்கும் துறைமுகங்களில் அது முதலீடு செய்வதற்கும் இது ஒரு பெரிய காரணம்.

இனி நம் வீட்டு வாசலுக்கே வந்த விஷயம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது முதலில் 25 சதவீதம், பிறகு ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக இன்னொரு 25 சதவீதம் வரி போட்டது. 27-ஆம் தேதி முதல் மொத்தம் 50. அப்போது வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் 20. திருப்பூர் ஆண்டுக்கு சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. பனியன் தொழிலில் லாபம் சில சதவீதத்தில் நிற்கும் சமாச்சாரம். முப்பது சதவீத வித்தியாசத்தை எந்தக் கம்பெனியும் தாங்காது. வாங்கும் அமெரிக்க நிறுவனங்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தன, தள்ளுபடி கேட்டன. அதன் அதிர்ச்சி ஏற்றுமதியாளரோடு நிற்காது. ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறைக்கும், நிட்டிங்குக்கும், காஜா பட்டன் போடும் இடத்துக்கும், பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணுக்கும் இறங்கும். அந்தப் பெண் ஒடிசாவிலிருந்தோ மதுரைப் பக்கமிருந்தோ வந்தவராக இருப்பார். அதன் பிறகு நடந்த பேச்சுவார்த்தைக்குள் நான் போகவில்லை. அந்த மாதங்களை மட்டும் பார்ப்போம்.

ரஷ்ய எண்ணெயை வாங்காதே என்றார்கள், இந்தியா உடனே பணியவில்லை. ஒரு குடிமகனாக அதை நான் ஆதரிக்கிறேன். யாரிடம் எண்ணெய் வாங்குவது என்பதை இன்னொரு நாடு முடிவு செய்யக்கூடாது. ஆனால் அந்த மறுப்பின் விலையைக் கட்டியது யார்? 2022-க்குப் பிறகு தள்ளுபடி விலையில் வந்த ரஷ்ய எண்ணெயின் ஆதாயம் பெரும்பாலும் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போனது. மருந்துக்கும் கைபேசிக்கும் அமெரிக்கா விலக்கு கொடுத்தது. அடி விழுந்தது திருப்பூர் பனியனுக்கும், கரூர் வீட்டு உபயோகத் துணிக்கும், ஆந்திர இறாலுக்கும், சூரத் வைரத்துக்கும். நாடு முழுவதற்குமான ஒரு வியூக முடிவின் செலவு, அதிக ஆட்களுக்கு வேலை கொடுத்து குறைந்த லாபத்தில் நடக்கும் சில ஊர்களின் தலையில் விழுந்தது. மத்திய அரசு பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை அந்த ஆகஸ்டில் நிறுத்தி வைத்தது. நல்லதுதான். ஆனால் எல்லையில் நிற்கும் சிப்பாய்க்கு நஷ்டஈடு உண்டு, ஓய்வூதியம் உண்டு. வியூகத்தின் முன்வரிசையில் நிறுத்தப்பட்ட தையல் தொழிலாளிக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. பலம் என்பதை நான் இங்கேதான் அளப்பேன். மறுப்பதற்கான செலவை நாடு முழுக்கப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருந்தால் அந்த நாட்டால் நெடுநாள் மறுக்க முடியும். ஒரு சில ஊர்களை மட்டும் வதைத்தால், அந்த ஊர்களின் குரலே ஒரு கட்டத்தில் அரசைப் பணிய வைக்கும். வரி போடுகிறவருக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

திருப்பூரின் பலவீனம் ஒரே வாடிக்கையாளரை அதிகம் நம்பியதில் மட்டும் இல்லை. வட்டப் பின்னல் இயந்திரங்கள் பெரும்பாலும் ஜெர்மனி, ஜப்பான், தைவான், சீனாவிலிருந்து வருகின்றன. பல பத்தாண்டுகளாகப் பனியன் செய்த ஊருக்கு இன்னும் பனியன் மெஷின் செய்ய வரவில்லை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோவையின் கதை வேறு. அங்கே 1888-ல் ஸ்டேன்ஸ் நூற்பாலை வந்தது. 1930-களின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசு கட்டிய பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. மில்லுக்குப் பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன, பட்டறைகளிலிருந்து ஃபவுண்டரிகள் வந்தன, கிணற்றுக்கு மோட்டாரும் பம்ப்செட்டும் செய்தார்கள். 1937-ல் ஜி.டி. நாயுடு குழுவினர் மின் மோட்டாரை உள்நாட்டிலேயே செய்து காட்டினார்கள். 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கி நூற்பு இயந்திரத்தையே உள்ளூரில் செய்தது. மின்சாரம் அரசுடையது, துணிச்சலும் முதலீடும் ஊர்க்காரருடையது. நூற்பில் இந்தியா இன்று யாரிடமும் கெஞ்சவேண்டியதில்லை என்றால், அதில் அவினாசி சாலை, பீளமேடு பட்டறைகளின் பங்கு பெரிது.

2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் ஓசூரும் இருப்பது இதனால்தான். பம்புக்கு வார்ப்படம் ஊற்றத் தெரிந்த கைக்குப் பீரங்கி பாகத்துக்கு ஊற்றுவதும் கைவரும். தடுப்பது திறமைக் குறைவு இல்லை. தேர்வு, சான்றிதழ், ஆர்டர் எல்லாம் வருடக்கணக்கில் இழுக்கும். ஆர்டர் வந்தாலும் பணம் வரத் தாமதமாகும். சின்ன ஃபவுண்டரிக்காரர் அதுவரை வங்கிக்கு வட்டி கட்டவேண்டும். சி.எஸ். கோதுமைக்குச் செய்ததை இங்கே யாராவது செய்யவேண்டும்: இவ்வளவு வாங்குவோம், இந்த விலைக்கு வாங்குவோம், பத்து வருஷத்துக்கு வாங்குவோம் என்று அரசு கையெழுத்துப் போடட்டும். மீதியைப் பட்டறைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். காந்தத்துக்கும் பின்னல் இயந்திரத்துக்கும் அதே வழிதான்.

தேர்வில் இந்தக் கேள்வி வந்தால், தம்பி, ராணுவ பட்ஜெட்டை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய், வாங்கிய கடனுக்கு வட்டியாக சுமார் 12.76 லட்சம் கோடி. நாம் எரிக்கும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எந்த நாடு எந்த எண்ணை வைத்து நம்மை நெருக்க முடியும் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து உங்கள் விடையைத் தொடங்குங்கள்.